சினாலஜி டிஎஸ்224 பிளஸ்: கேமரா ஒரு நெட்வொர்க்கில், நாஸ் இன்னொன்றில்

கேமராப் பதிவுகளை மாதச் சந்தா கட்டாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் டிஸ்க் எத்தனை டிபி என்று விசாரிப்பார்கள், ராம் எவ்வளவு என்று கேட்பார்கள். பெட்டியைத் திருப்பி, பின்னால் எத்தனை நெட்வொர்க் போர்ட் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கேமராக்களை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சினாலஜி டிஎஸ்224 பிளஸ்ஸில் 1 கிகாபிட் போர்ட் இரண்டு இருக்கின்றன. 2023-இல் வந்த இந்த 2 டிஸ்க் பெட்டியில் இன்டெல் செலரான் ஜே4125 பிராசஸரும் 2 ஜிபி ராமும் உள்ளன. ராமை 6 ஜிபி வரை ஏற்றலாம். இதே வரிசையில் விலை குறைந்த டிஎஸ்223, டிஎஸ்223ஜே இரண்டிலும் ஒரே ஒரு போர்ட்தான். இந்த ஒற்றை வித்தியாசத்துக்காகவே டிஎஸ்224 பிளஸ்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. பெட்டியோடு வரும் சர்வைலன்ஸ் ஸ்டேஷன் மென்பொருள் நன்றாக உழைக்கிறது. அதன் லைசன்ஸ் கொள்கைதான் கசப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

பிரித்து வைப்பது எதற்கு என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 2016-இல் மிராய் என்ற மால்வேர், பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து இணையத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. 2021-இல் ஹிக்விஷன் கேமராக்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகுந்து கட்டளை இயக்கும் ஓட்டை வெளியானது. கேட்டுக்கு மேலே தொங்கும் கேமராவின் கேபிளைப் பிடுங்கி ஒருவர் தன் லேப்டாப்பில் செருகினால், பிரிக்காத வீட்டில் அவர் நேராக உங்கள் நாஸின் வாசலில் நிற்பார். குடும்பப் புகைப்படமும் வங்கி ஆவணமும் இருக்கும் பெட்டி அது.

பிரித்த பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் அடங்கும்: இணைப்பை யார் தொடங்குகிறார்கள்? நாஸ் கேமராவிடம் போய் வீடியோவை எடுப்பது ஒரு வழி. கேமரா நாஸுக்கு வந்து கோப்பைப் போடுவது இன்னொரு வழி. முதல் வழியில் கேமரா நெட்வொர்க்கிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. ஃபயர்வால் நாஸ் தொடங்கிய இணைப்புக்கான பதிலை மட்டும் உள்ளே விடும். இரண்டாம் வழியில் நீங்கள் எந்தச் சாதனத்தை நம்பாமல் ஒதுக்கினீர்களோ அதற்கே நாஸின் கோப்புப் பகிர்வைத் திறந்துவிட வேண்டும். பிறகு எதற்குப் பிரித்தோம்? சர்வைலன்ஸ் ஸ்டேஷன் முதல் வழியில் வேலை செய்கிறது. ஆர்டிஎஸ்பி (வீடியோ ஸ்ட்ரீமுக்கான நெறிமுறை) வழியாக ஒவ்வொரு கேமராவிடமும் போய் ஸ்ட்ரீமை வாங்கித் தன் டிஸ்க்கில் எழுதிக்கொள்கிறது. இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்க முதன்மைக் காரணம் இதுதான்.

இரண்டாம் போர்ட் வழி

விலான் (ஒரே கருவிகளில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) போடத் தெரிந்த ரவுட்டர் வீட்டில் இல்லை என்றால் இதுவே சுலபம், மலிவும்கூட. தேவையானவை: நான்கு பிஓஇ போர்ட் (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் தருபவை) உள்ள சாதாரண சுவிட்ச் ஒன்று (டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி1005பி போன்றது போதும்), பிஓஇ கேமராக்கள், கேட்6 கேபிள். லேன் 1-ஐ வழக்கம்போல வீட்டு ரவுட்டரில் செருகுங்கள். லேன் 2-ஐ பிஓஇ சுவிட்சில் செருகுங்கள். அந்தச் சுவிட்சிலிருந்து ரவுட்டருக்கு எந்தக் கேபிளும் போகக் கூடாது. இப்போது கேமராக்களுக்கு இணையம் என்பதே கிடையாது. அதற்காக ஒரு ஃபயர்வால் விதிகூட எழுத வேண்டாம்.

நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம்மில் கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்று போய் லேன் 2-க்குக் கையால் முகவரி கொடுங்கள்: 192.168.20.5, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கே ஏதாவது எழுதி, அதையே முதன்மைக் கேட்வேயாக விட்டுவிட்டால் நாஸ் இணையத்தைத் தேடிக் கேமரா சுவிட்சுக்குள் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அப்டேட் வராது, வெளியிலிருந்து நாஸைத் திறக்க உதவும் குவிக்கனெக்ட் அறுந்துபோகும். இரண்டு போர்ட்டிலும் ஒரே முகவரி வரிசை இருப்பது இன்னொரு பொறி. ஏர்டெல் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1.1-இல் உட்கார்ந்திருக்கும். ஹிக்விஷன் கேமராவின் ஆலை முகவரி 192.168.1.64, டாஹுவாவுடையது 192.168.1.108. கேமராவை அந்த முகவரியிலேயே விட்டு, லேன் 2-க்கும் 192.168.1 வரிசையைக் கொடுத்தால், கேமராவைத் தேடும் பாக்கெட் எந்தப் போர்ட் வழியே போக வேண்டும் என்று நாஸுக்குத் தெரியாது. அறிகுறி வேடிக்கையாக இருக்கும்: ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு படம் வரும், அடுத்த ரீஸ்டார்ட்டில் வராது. எனவே முதலில் லேப்டாப்பைக் கேமரா சுவிட்சில் செருகி, ஹிக்விஷன் என்றால் எஸ்ஏடிபி கருவியால் கேமராவை ஆக்டிவேட் செய்து, 192.168.20.11, 12, 13 என்று நிலையான முகவரி கொடுத்துவிட்டுப் பிறகு நாஸுக்கு வாருங்கள். கையால் கொடுக்கச் சலிப்பு என்றால் பேக்கேஜ் சென்டரில் உள்ள, முகவரிகளைத் தானே வழங்கும் டிஎச்சிபி சர்வரை லேன் 2-க்கு மட்டும் ஓட விடலாம். ஆனால் நான்கு கேமராவுக்கு அது தேவையில்லாத வேலை.

பலர் இங்கேயே முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை. டிஎஸ்எம் தன் உள்நுழைவுப் பக்கத்தையும் கோப்புப் பகிர்வையும் எல்லாப் போர்ட்டிலும் காட்டும். லேன் 2-இலும் அவற்றுக்கான போர்ட் எண்கள் 5000, 5001, 445 எல்லாம் திறந்தே இருக்கும். கேட்டுக் கேமராவின் கேபிளைப் பிடுங்கியவர் 192.168.20.5 என்று அடித்தால் டிஎஸ்எம் வரவேற்கும். கண்ட்ரோல் பேனல், செக்யூரிட்டி, ஃபயர்வால் பகுதியில் விதிகளைத் திருத்தும் சாளரத்தின் மேல் வலப்புறம் இன்டர்ஃபேஸ் தேர்வு இருக்கிறது. அதில் லேன் 2-ஐத் தேர்ந்தெடுத்து, 192.168.20.0 வரிசையிலிருந்து நேரம் கேட்பதற்கான யுடிபி 123-ஐ மட்டும் அனுமதியுங்கள் (டிஎச்சிபி சர்வர் ஓடினால் யுடிபி 67-ஐயும்). எந்த விதியும் பொருந்தாவிட்டால் மறு என்பதைக் கீழே தேர்ந்தெடுங்கள். "எல்லா இன்டர்ஃபேஸும்" பட்டியலில் உள்ள விதிகள் முதலில் பார்க்கப்படும் என்பதால், அங்கே பழைய பொது அனுமதி எதுவும் இருந்தால் லேன் 2-இல் எழுதியது வீண். ஒருமுறை சரிபாருங்கள். இந்த ஃபயர்வால் உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. நாஸ் வெளியே போய்க் கேமராவிடம் ஸ்ட்ரீம் வாங்குவது பாதிக்கப்படாது.

வேகத்துக்காக இரண்டு போர்ட்டையும் பாண்ட் செய்து (ஒன்றாகச் சேர்த்து) வைத்திருப்பவர்கள் அதைக் கலைக்க வேண்டும். கேமராவுக்காகக் கலைப்பதில் நஷ்டமில்லை. 4 எம்பிபிஎஸ் கேமரா நான்கு சேர்ந்தாலும் 16 எம்பிபிஎஸ்தான்.

விலான் வழி

வைஃபை கேமராவும் உண்டு, கேபிள் கேமராவும் உண்டு, அவை வீடெங்கும் சிதறிக் கிடக்கின்றன என்றால் இரண்டாம் போர்ட் வழி கைகொடுக்காது. அப்போது விலான் தெரிந்த ரவுட்டரும் (டிபி-லிங்க் ஒமாடா இஆர்605, மைக்ரோடிக் ஹெச்ஏபி வகைகள்), விலான் தெரிந்த சுவிட்சும், ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெயருக்குத் தனித்தனி விலான் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட்டும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்குச் செலவழித்தது வீண். ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் கேமராக்களைப் போட்டால் போதாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். போதாது. கெஸ்ட் வைஃபை வீட்டு நெட்வொர்க்கோடு இரு திசையிலும் பேச விடாது. நாஸாலும் கேமராவைத் தொட முடியாது. "உள்ளூர் நெட்வொர்க்கை அணுக அனுமதி" என்ற சுவிட்சைப் போட்டால் கதவு மொத்தமாகத் திறந்துகொள்ளும். நடுவழி கிடையாது.

வீட்டு விலான் 1, நாஸ் 192.168.10.5, கேமரா விலான் 20, முகவரி 192.168.20.0/24 என்று வைத்துக்கொள்வோம். விதிகள் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கப்பட்ட இணைப்பின் பதில்களை அனுமதி. 192.168.10.5-இலிருந்து கேமரா விலானுக்கு டிசிபி 554-ஐயும் ஆன்விஃப் (பல பிராண்ட் கேமராக்களுக்கும் பொதுவான நெறிமுறை) போர்ட்டையும் அனுமதி. கேமரா விலானிலிருந்து நாஸுக்கு யுடிபி 123 மட்டும் அனுமதி. கேமரா விலானிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும், இணையம் உட்பட, மறு. கேமரா விலானிலிருந்து ரவுட்டரின் சொந்த முகவரிக்கு டிஎச்சிபி தவிர எல்லாம் மறு. கடைசி விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கேமராவிலிருந்து 192.168.20.1 என்று அடித்து ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறக்கலாம். மைக்ரோடிக்கில் இது ஃபார்வர்டு செயினில் வராது, இன்புட் செயினில் தனியாக எழுத வேண்டும்.

முதல் விதி வேலை செய்ய ஃபயர்வால் இணைப்பின் நிலையை நினைவில் வைத்திருக்க வேண்டும். ரவுட்டர் ஃபயர்வால் வைத்திருக்கும். ஒமாடா சுவிட்சில் எழுதும் ஏசிஎல் (அனுமதி, மறுப்பு விதிப் பட்டியல்) வைத்திருக்காது. அங்கே "கேமரா விலானிலிருந்து வீட்டு விலானுக்கு மறு" என்று எழுதினால், நாஸ் கேட்டதற்குக் கேமரா அனுப்பும் பதிலும் சேர்ந்து செத்துப்போகும். விதியெல்லாம் சரி, படம் மட்டும் வரவில்லை என்று புலம்புபவர்கள், விதியைச் சுவிட்சில் எழுதியிருக்கிறார்களா ரவுட்டரில் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டிஎல்-எஸ்ஜி108இ போன்ற மலிவு சுவிட்சுகளில் விலான் உறுப்பினர் பட்டியல் ஒரு பக்கத்திலும் பிவிஐடி (போர்ட்டுக்குள் வரும் பாக்கெட் எந்த விலானில் சேரும் என்ற எண்) இன்னொரு பக்கத்திலும் இருக்கும். போர்ட் 3-ஐ விலான் 20-இல் சேர்த்துவிட்டு அதன் பிவிஐடியை 1 என்றே விட்டுவிட்டால், கேமராவுக்குப் போகும் பாக்கெட் சரியாகப் போகும், அது அனுப்புவது வீட்டு விலானில் போய் விழும். கேமராவுக்கு 192.168.10 வரிசையில் முகவரி கிடைத்திருந்தால் இதுதான் காரணம். அந்தப் போர்ட்டை விலான் 1-இன் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கவும் வேண்டும்.

டிஎஸ்எம்மில் ஒரு போர்ட்டுக்கு ஒரு விலான் எண்தான் கொடுக்க முடியும். ஒற்றைப் போர்ட் டிஎஸ்223ஜே-யில் இரண்டு விலானையும் டேக் செய்து ஏற்றிவிடலாம் என்று நினைத்து வாங்கினால் அமைப்புப் பக்கத்தில் அதற்கு இடமிருக்காது. ஒற்றைப் போர்ட் நாஸ் என்றால் ரவுட்டர் வழியேதான் போக வேண்டும். அதில் ஒரு பலவீனம் உண்டு. பதிவாகும் வீடியோ முழுவதும் ரவுட்டரைக் கடந்து போவதால், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் பதிவில் ஓட்டை விழும். இரண்டாம் போர்ட் வழியில் ரவுட்டரையே கழற்றிவிட்டாலும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ்ஸில் எதையெல்லாம் ஏற்றுவது என்ற கணக்கும் இதோடு மாறும்: அங்கே நாஸும் பிஓஇ சுவிட்சும் போதும், இங்கே ரவுட்டரும் நடுவில் உள்ள எல்லாச் சுவிட்சும் வேண்டும்.

ஃபைபர் ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர்

நம் வீடுகளில் பரவலாக இருப்பது இதுதான். ஜியோ ரவுட்டர் 192.168.29.1-இல் இருக்கும். அதன் பின்னால் சொந்த ரவுட்டர் 192.168.0.1-இல். தெரிந்தோ தெரியாமலோ இரண்டு நெட்வொர்க் ஏற்கெனவே தயார். இதில் கேமராக்களை வெளி ரவுட்டரிலும் நாஸை உள் ரவுட்டரிலும் வைத்தால், நாஸால் 192.168.29.50 போன்ற கேமரா முகவரியை நேராகத் தொட முடியும். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புக்கு உள் ரவுட்டர் தடை சொல்லாது. கேமராவால் உள்ளே வர முடியாது. காசு செலவில்லாத பிரிவு. குறை ஒன்று உண்டு: கேமராக்களுக்கு இணையம் திறந்தே கிடக்கும். வெளி ரவுட்டரில் சாதனவாரியாக இணையத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஐபிவி4-ஐத் தடுத்தால் மட்டும் போதாது. ஜியோ ஐபிவி6-உம் கொடுக்கிறது, அதையும் பாருங்கள்.

இடம் மாற்றி, கேமராவை உள்ளேயும் நாஸை வெளியேயும் வைப்பது இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. நாஸால் கேமராவை அடைய முடியாது, ஒவ்வொரு கேமராவுக்கும் தனிப் போர்ட் ஃபார்வர்டு போட வேண்டும். கேமராக்களோ நாஸைத் தாராளமாகத் தொடலாம். இரண்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் எந்தத் திசையிலும் வேலை செய்யாது. உள் ரவுட்டரின் வரிசையை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கேமராவைச் சேர்ப்பது

சர்வைலன்ஸ் ஸ்டேஷனில் ஐபி கேமராவைச் சேர்க்கும்போது வரும் "தேடு" பொத்தான் அடுத்த நெட்வொர்க்கில் உள்ள கேமராவைக் கண்டுபிடிக்காது. ஆன்விஃப் தேடல் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு யுடிபி 3702-இல் போகிறது. ரவுட்டர் அதை அடுத்த பக்கம் கடத்தாது. கடத்த வைக்க மல்டிகாஸ்ட் ரிலே எல்லாம் போட வேண்டாம். ஐபி முகவரியைக் கையால் அடித்தால் தீர்ந்தது. இரண்டாம் போர்ட் வழியில் நாஸ் அதே நெட்வொர்க்கில் ஒரு கால் வைத்திருப்பதால் தேடல் வேலை செய்யும். ஃபயர்வால் போட்ட பிறகு அதுவும் நின்றுபோகலாம், பதற வேண்டாம்.

பிராண்டில் ஆன்விஃப் என்று தேர்ந்தெடுத்து, முகவரி, போர்ட், பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். டேப்போ கேமராக்களில் ஆன்விஃப் போர்ட் 2020, ஆர்டிஎஸ்பி 554. பலரும் 80 என்று விட்டுவிட்டு, இணைப்பு தோல்வி என்ற செய்தியோடு மல்லுக்கட்டுகிறார்கள். பயனர் பெயர் டேப்போ செயலிக்குள் நுழையும் மின்னஞ்சல் இல்லை. செயலியில் கேமராவின் மேம்பட்ட அமைப்புகளில் "கேமரா அக்கவுண்ட்" என்று தனியாக ஒன்றை உருவாக்க வேண்டும். புதிய பதிப்புகளில் டேப்போ லேப் பகுதியில் மூன்றாம் தரப்பு இணக்கம் என்பதையும் ஆன் செய்ய வேண்டியிருக்கும். பேட்டரியில் ஓடும் டேப்போ மாடல்களில் ஆர்டிஎஸ்பியே கிடையாது, நாஸுக்கு அவை ஆகாது. டேப்போ கேர் சந்தா, மெமரி கார்டு, நாஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் பல டேப்போ மாடல்கள் தாங்காது. இரண்டுதான். நாஸில் படம் விட்டுவிட்டு வந்தால் மூன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஹிக்விஷனில் ஆன்விஃப் ஆலையிலிருந்தே அணைக்கப்பட்டிருக்கும். இன்டக்ரேஷன் புரோட்டோகால் பக்கத்தில் அதை இயக்கி, அங்கேயே ஆன்விஃபுக்கென்று தனிப் பயனரை உருவாக்க வேண்டும். தவறான பாஸ்வேர்டோடு சேர்த்துவிட்டால் நாஸ் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், கேமரா நாஸின் முகவரியைச் சிறிது நேரம் பூட்டிவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் வராது. கேமராவை ரீஸ்டார்ட் செய்தால் பூட்டு போகும்.

பாஸ்வேர்டு சரிதான், பூட்டும் இல்லை, ஆனாலும் அங்கீகாரப் பிழை என்றால் கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். ஆன்விஃப் உள்நுழைவில் நேர முத்திரையும் சேர்ந்து போகிறது. கேமராவின் நேரம் நாஸின் நேரத்திலிருந்து விலகியிருந்தால் சரியான பாஸ்வேர்டையும் கேமரா ஏற்காது. இணையம் வெட்டப்பட்ட கேமராவுக்கு நேரம் எங்கிருந்து வரும்? மேலே யுடிபி 123-ஐ மட்டும் திறந்து வைத்தது இதற்காகத்தான். டிஎஸ்எம்மின் ரீஜனல் ஆப்ஷன்ஸ் பகுதியில் என்டிபி (நேரம் வழங்கும்) சர்வீஸை இயக்கி, ஹிக்விஷன், டாஹுவா, சிபி பிளஸ் கேமராக்களில் என்டிபி சர்வராக நாஸின் முகவரியைக் கொடுங்கள். டேப்போவில் அப்படிக் கொடுக்க இடமில்லை. அவற்றுக்கு ரவுட்டரில் 123-ஐ மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடுவது நடைமுறைக்கு ஒத்து வரும். திருட்டு நடந்த நேரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லும்போது பதிவில் 40 நிமிடம் பிசகியிருந்தால் அந்தப் பதிவால் பாதிப் பயன்தான்.

கேமரா சேர்ந்துவிட்டது, "இணைந்தது" என்று காட்டுகிறது, ஆனால் படம் கறுப்பு. காரணம் பெரும்பாலும் யுடிபி. ஆர்டிஎஸ்பி 554-இல் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு வீடியோவை வேறு யுடிபி போர்ட்களில் அனுப்பும். அந்தப் போர்ட்கள் ஒவ்வொரு முறையும் மாறும், ஃபயர்வாலுக்கு அவை தெரியாது. கேமரா அமைப்பில் டிரான்ஸ்போர்ட் புரோட்டோகாலை ஆட்டோவிலிருந்து டிசிபிக்கு மாற்றினால் வீடியோவும் 554-க்குள்ளேயே வந்துவிடும். இரண்டு நெட்வொர்க்குக்கு இடையில் எப்போதும் டிசிபியே வையுங்கள். வைஃபை கேமராக்களில் படம் கிழிவதும் குறையும்.

கேமரா தானே எழுதும் வசதி

சில கேமராக்கள் நாஸில் நேரடியாக எழுதும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். பிரிந்த நெட்வொர்க்கில் இதை நம்பி வாங்க வேண்டாம். ஷாவ்மியின் வீட்டுக் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. ஆனால் செயலி அதே நெட்வொர்க்கில் உள்ள எஸ்எம்பி (விண்டோஸ் வகைக் கோப்புப் பகிர்வு) பகிர்வுகளைத் தானே தேடிக் காட்டும், ஐபி முகவரியைக் கையால் கொடுக்க விடாது. அந்தத் தேடல் பிராட்காஸ்ட் என்பதால் விலானைத் தாண்டாது. தாண்ட வைத்தாலும் பழைய மாடல்கள் எஸ்எம்பி 1 கேட்கும். அதற்காக டிஎஸ்எம்மில் குறைந்தபட்சப் பதிப்பை 1-க்கு இறக்குவது, வானாக்ரை மால்வேர் 2017-இல் புகுந்த வாசலை நாமே திறந்து வைப்பது.

ஹிக்விஷனில் இந்த வசதி ஒழுங்காக இருக்கிறது, முகவரியும் கொடுக்கலாம், என்எஃப்எஸ், எஸ்எம்பி என்ற இரண்டு பகிர்வு முறையும் தெரியும். என்எஃப்எஸ் என்றால் நாஸில் 111, 892, 2049 மூன்றும் கேமரா விலானுக்குத் திறந்திருக்க வேண்டும், எஸ்எம்பிக்கு 445. இந்த வழியில் போகிறவர்கள் கேமராவுக்கென்று தனிப் பகிர்வுக் கோப்புறை உருவாக்கி அதற்கு ஒதுக்கீடு வரம்பு போட்ட பிறகே இணைக்க வேண்டும். கேமரா அதை டிஸ்க் என்று நினைத்து ஃபார்மட் செய்யும்போது, கண்ணுக்குத் தெரியும் இடம் முழுவதையும் 256 எம்பி கோப்புகளாக முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளும். வரம்பு இல்லாத 4 டிபி வால்யூம் என்றால் குடும்பப் புகைப்படத்துக்கு இடம் மிஞ்சாது.

எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையும் அப்படித்தான். அசைவு வரும்போது துண்டு வீடியோ அனுப்ப ரியோலிங்க் போன்றவற்றில் இருக்கிறது. 21-ஐ மட்டும் திறந்தால் உள்நுழைவு நடக்கும், கோப்பு வராது, நாஸில் 0 பைட் கோப்புகள் சேரும். கோப்பு வந்து சேரும் பாசிவ் போர்ட் வரம்பை டிஎஸ்எம்மில் குறுக்கி, அதையும் ஃபயர்வாலில் திறக்க வேண்டும்.

இடக் கணக்கும் டிஸ்க்கும்

1 எம்பிபிஎஸ் நாள் முழுவதும் ஓடினால் 10.8 ஜிபி. 4 மெகாபிக்சல் கேமரா எச்.264 வீடியோ சுருக்க முறையில் 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் நாளுக்கு 43.2 ஜிபி, 30 நாளுக்கு ஏறக்குறைய 1.3 டிபி. நான்கு கேமராவுக்கு 5.2 டிபி. எச்.265-க்கு மாற்றி 2 எம்பிபிஎஸ் ஆக்கினால் பாதி. 4 டிபி டிஸ்க் இரண்டை ரெய்டு 1 (ஒன்றின் நகல் மற்றதில்) ஆக்கினால் கையில் நிற்பது 3.6 டிபி சொச்சம். எச்.265-இல் நான்கு கேமராவின் 30 நாள் பதிவு போக ஒரு டிபி மிஞ்சும். பதிவுகளுக்கு நாள் வரம்போடு ஜிபி வரம்பும் போடுங்கள். நாள் வரம்பு மட்டும் இருந்தால் மழைக்காலத்தில் பிட்ரேட் ஏறும்போது வால்யூம் நிரம்பி எல்லாமே நின்றுவிடும்.

எச்.265-இல் ஒரு இடையூறு. 2024-இல் வந்த டிஎஸ்எம் 7.2.2 முதல் அந்த வீடியோவைப் பெட்டி தானே மாற்றித் தருவதைச் சினாலஜி நிறுத்திவிட்டது. பார்க்கும் கணினியோ போனோதான் அதைப் பிரிக்க வேண்டும். பழைய பிரவுசரில் படம் வராவிட்டால் சர்வைலன்ஸ் ஸ்டேஷன் கிளையன்ட்டைக் கணினியில் போட்டுப் பாருங்கள். அல்லது பதிவுக்கு எச்.265, நேரலைக்குச் சப்-ஸ்ட்ரீமில் (கேமராவின் தரம் குறைந்த இரண்டாவது ஸ்ட்ரீம்) எச்.264 என்று பிரித்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் பர்ப்பிள், ஸ்கைஹாக் என்று கேமரா முத்திரை போட்டதைத் தேட வேண்டிய அவசியமில்லை. இந்தப் பெட்டி மற்றக் கோப்புகளையும் வைத்துக்கொள்ளும் என்பதால் நாஸுக்கான ஐயன்உல்ஃப், ரெட் பிளஸ் டிஸ்க்குகள் பொருத்தம். வெறும் "ரெட்" என்று வரும் 2 முதல் 6 டிபி வரையிலான டபிள்யூடி டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்) வகை உண்டு. இரவும் பகலும் எழுதும் வேலைக்கு அது ஆகாது.

லைசன்ஸ்

பெட்டியோடு 2 கேமராவுக்கு மட்டுமே லைசன்ஸ். மூன்றாவது கேமராவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் காசு. ஒருமுறைக் கட்டணம்தான், சந்தா இல்லை. ஆனால் சாதாரண டேப்போ கேமராவின் விலையைவிட அதன் லைசன்ஸ் அதிகம் என்பது எந்தக் கணக்கில் நியாயம் என்று தெரியவில்லை. ஆறு கேமரா வீட்டுக்கு நான்கு லைசன்ஸ் வாங்கும் தொகையில் இன்னொரு டிஸ்க்கே வந்துவிடும். போட்டி நாஸ் நிறுவனமான க்யூநாப்பின் க்யூவிஆர் புரோவில் 8 சானல் இலவசம். கேமரா எண்ணிக்கை அதிகம் என்றால் அந்தப் பக்கம் போவதே புத்திசாலித்தனம். இந்தப் பெட்டியிலேயே கன்டெய்னர் மேனேஜரில் ஃபிரிகேட் என்ற திறமூலக் கேமராப் பதிவு மென்பொருளை ஓட்டலாம், லைசன்ஸ் இல்லை. அதுவும் ஆர்டிஎஸ்பி வழியே தானே போய் எடுப்பதால் மேலே சொன்ன ஃபயர்வால் விதிகள் அப்படியே பொருந்தும். 2 ஜிபி ராமில் அது மூச்சுத் திணறும், 4 ஜிபி சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். அமைப்பு முழுவதும் கோப்பில் எழுத வேண்டியது. அதில் பழக்கம் இல்லாதவர்களுக்கு சர்வைலன்ஸ் ஸ்டேஷனே நிம்மதி.

இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு 2025 வரிசையின் டிஎஸ்225 பிளஸ்ஸும் கண்ணில் படும். பிராசஸர் அதே ஜே4125, போர்ட்டில் ஒன்று 2.5 கிகாபிட், மற்றது 1 கிகாபிட். கேமராவை 1 கிகாபிட் பக்கம் போட்டு 2.5-ஐ வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் வேறு நிறுவன டிஸ்க்குகளுக்குப் போட்ட கட்டுப்பாட்டைச் சினாலஜி டிஎஸ்எம் 7.3-இல் தளர்த்தியது. பழைய டிஎஸ்எம்மோடு கடையில் கிடக்கும் பெட்டி என்றால் இதை மனதில் வைத்து வாங்குங்கள்.

இணையம் வெட்டிய பிறகு டேப்போ, ஹிக்-கனெக்ட் போன்ற கேமராச் செயலிகள் வெளியிலிருந்து திறக்காது என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் சினாலஜியின் டிஎஸ் கேம் செயலி. அதற்காக 5001-ஐ ரவுட்டரில் ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஜியோவில் சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி) இருப்பதால் பெரும்பாலும் வேலையும் செய்யாது. குவிக்கனெக்ட் போதும், இல்லையென்றால் பேக்கேஜ் சென்டரில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் இருக்கிறது. நாஸில் ஒன்று, போனில் ஒன்று போட்டால் வீட்டுக்குள் இருப்பதுபோலவே திறக்கும். டெயில்ஸ்கேல் நாஸில் மட்டும் ஓடட்டும். கேமரா வரிசையை அதன் வழியே விளம்பரப்படுத்தும் சப்நெட் ரவுட்டர் அமைப்பை இயக்க வேண்டாம். போனிலிருந்து கேமராவை நேராகத் தொட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.